நுரை குறைந்தால் அழுக்குப் போகாதா?

திருவானைக்காவலிலிருந்து ஒரு வாசகி நாலு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். இரண்டு குழந்தைகளின் தாயார். மகளிர் சுய உதவிக் குழுவில் சேர்ந்து பினாயில், சோப் ஆயில் எல்லாம் செய்யக் கற்றுக்கொண்டாராம். இப்போது குழுவில், "ஷாம்பூ செய்து விற்கலாம், லாபம் அதிகம்" என்று பேச்சு. சாமான் விற்கிற கடைக்காரர் ஒரு கேன் நுரைத் திரவம், ஒரு பாக்கெட் உப்பு, கொஞ்சம் வாசனை, கொஞ்சம் கலர் எல்லாம் கொடுத்து, "தண்ணீரில் கரைத்து உப்பைப் போடுங்கள், ஷாம்பூ ரெடி" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். முதலில் செய்ததைத் தன் ஐந்து வயதுப் பெண்ணுக்குத் தேய்த்துப் பார்த்தாராம். கண் எரிச்சல். மறுநாள் நெற்றியோரமெல்லாம் சிவந்து தோல் உரிந்துவிட்டது.

"என் குழந்தைக்கே ஒத்துக்கொள்ளாததை ஊருக்கு எப்படி விற்பேன்? ஆனால் குழுவில் எல்லாருமாகப் போட்ட பணம் இருக்கிறது. நுரையைக் குறைத்தால் ஒருத்தரும் வாங்கமாட்டார்கள் என்கிறார்கள். என்ன செய்யட்டும்?" என்று கேட்கிறார்.

நல்ல கேள்வி. ஷாம்பூ செய்கிறவர்களுக்கு மட்டுமல்ல, வாங்கித் தேய்த்துக்கொள்கிற நம் எல்லாருக்குமே பொருந்துகிற கேள்வி. அதனால் இந்த இதழ்ப் பக்கம் முழுவதையும் இதற்கே ஒதுக்கிவிடுகிறேன்.

நுரை வேறு, சுத்தம் வேறு

ஷாம்பூவோ, உடம்புக்குத் தேய்க்கிற ஜெல்லோ, பாத்திரம் தேய்க்கிற திரவமோ, எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். அழுக்கு நீக்கும் நுரைப்பொருள். இதன் மூலக்கூறு ஒவ்வொன்றுக்கும் ஒரு தலை, ஒரு வால். தலைக்குத் தண்ணீர் பிடிக்கும், வாலுக்கு எண்ணெய் பிடிக்கும். தலையில் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கை வால்கள் சூழ்ந்து பிடித்துக்கொள்ள, தலைகள் தண்ணீரோடு ஒட்டிக்கொள்ள, பிசுக்கு உருண்டை உருண்டையாகத் தண்ணீரோடு போய்விடுகிறது. இவ்வளவுதான் விஷயம்.

இதிலே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பிசுக்கைப் பிடிப்பதற்குத் தேவையான அளவு சேர்ந்த பிறகு, மேலே மேலே நுரைப்பொருளைக் கொட்டினால் சுத்தம் கூடுவதில்லை. மிச்சமிருப்பது சும்மா இருக்குமா? நம் தோலில் இயற்கையாக இருக்கிற கொழுப்பையும் சேர்த்துக் கழுவிக்கொண்டு போகிறது. தோலுக்குள்ளும் கொஞ்சம் புகுகிறது. அதனால்தான் வறட்சி, அரிப்பு, எரிச்சல். குழந்தையின் தோல் பெரியவர்கள் தோலைவிட மெல்லியது. அதற்கு முதலில் தெரிந்துவிடுகிறது.

எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் ஒரு நாள், "என்ன மாமி, நீங்க சொன்ன மாதிரி ஷாம்பூவைக் கரைச்சுத் தேய்ச்சேன், நுரையே வரலையே, அழுக்குப் போயிருக்குமா?" என்று கேட்டாள். "தலை காஞ்சதும் விரலால தொட்டுப் பாருடி, பிசுக்கு இருக்கான்னு" என்றேன். சாயங்காலம் வந்து, "இல்லை மாமி" என்றாள். அவ்வளவுதான் பரீட்சை. தலையில் எண்ணெய் நிறைய இருந்தால் முதல் தடவை நுரையே வராது. இரண்டாம் தடவை பொங்கும். பொங்குகிறதென்றால் பிசுக்குப் போய்விட்டது, இனி தேய்க்க வேண்டாம் என்றுதான் அர்த்தம். நாமோ பொங்க ஆரம்பித்த பிறகுதான் ஆசையாகத் தேய்க்கிறோம்!

கெட்டியாக இருந்தால் நல்ல ஷாம்பூவா?

திருவானைக்காவல் சகோதரிக்குக் கடைக்காரர் கொடுத்தது பெரும்பாலும் சோடியம் லாரில் ஈதர் சல்ஃபேட்டாகத்தான் இருக்கும். கடைகளில் சுருக்கமாக எஸ்.எல்.இ.எஸ். என்பார்கள். இது இரண்டு விதமாகக் கிடைக்கிறது. பசைபோல் இருப்பதில் நுரைச் சத்து 70 சதவீதம். திரவமாக இருப்பதில் 28 சதவீதம் அளவுதான். எது என்று கேட்காமல் ஒரே அளவில் எடுத்துக் கரைத்தால், பசை ரகத்தில் இரண்டரை மடங்கு காரம் ஏறிவிடும். சகோதரி, முதலில் உங்கள் கேனில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். குழந்தைக்குத் தோல் உரிந்ததற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

அடுத்தது உப்பு. இந்தச் சல்ஃபேட் கரைசலில் சமையல் உப்பைப் போட்டால் தேன்போல் கெட்டியாகிவிடும். கூடுதலாகப் போட்டால் மறுபடி நீர்த்துவிடும், அது வேறு விஷயம். ஆகக்கூடி, கெட்டித்தன்மைக்கும் சத்துக்கும் சம்பந்தமே கிடையாது. "நல்ல கெட்டியா இருக்கு" என்று நாம் மெச்சுவது உப்பைத்தான்!

சோப் ஆயிலுக்குப் போடுகிற ஆசிட் சிலரியைச் சிலர் ஷாம்பூவுக்கும் போடுகிறார்கள் என்று கேள்வி. அது தரைக்கும் துணிக்கும் பாத்திரத்துக்கும் உரியது. மனிதர் தலைக்கு வேண்டவே வேண்டாம்.

"சல்ஃபேட் இல்லாதது" என்று பெரிய எழுத்தில் போட்டு வருகிறதே, அது சாதுவாக இருக்குமா என்று கேட்பீர்கள். எப்போதும் இல்லை. சல்ஃபேட் அல்லாத நுரைப்பொருள்களிலும் காரமானவை உண்டு. ஒற்றைப் பொருளின் பெயரை வைத்துத் தீர்மானிக்கக் கூடாது. எவ்வளவு சேர்ந்திருக்கிறது, கூட எது சேர்ந்திருக்கிறது என்பதுதான் முக்கியம். தேங்காயெண்ணெயிலிருந்து வருகிற கோகோ பீட்டைன் என்ற பொருளைச் சல்ஃபேட்டோடு சேர்த்தால் காரம் தணிகிறது. இரண்டும் கூடிப் பெரிய உருண்டைகளாகத் திரள்வதால், தோலுக்குள் தனியாகப் புகும் மூலக்கூறுகள் குறைந்துவிடுகின்றன. கண்ணைக் கரிக்காத குழந்தை ஷாம்பூ 1950களில் அமெரிக்காவில் வந்ததே, அது பீட்டைனைப் போன்ற இருகுணப் பொருள்களை நம்பித்தான் வந்தது.

பாட்டி தேய்த்த சீயக்காய்

நம் ஊரில் செவ்வாய், வெள்ளி பெண்களுக்கும், புதன், சனி ஆண்களுக்கும் எண்ணெய்க் குளி. அரைத்த சீயக்காயை வடிகஞ்சியில் குழைத்துத் தேய்ப்பார்கள். சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் இருப்பதும் நுரைப்பொருள்தான். சபோனின் என்று அதற்குப் பெயர். பூந்திக்கொட்டையின் தாவரப் பெயரான சபிண்டஸ் என்பதற்கே "இந்தியச் சோப்பு" என்ற பொருள்தான். கொங்கு நாட்டில் உசிலை இலையைப் பொடித்து அரப்பு என்று தேய்ப்பதும் இதே வகை.

சீயக்காயில் நுரை கொஞ்சம். ஆனால் பிசுக்கு போகும், முழுவதும் போகாது. கொஞ்சம் எண்ணெய்ப் பசை தலையில் தங்கும். அதுதான் அதன் சிறப்பு. இன்னொன்று, நம் தோல் லேசான புளிப்புத் தன்மை உடையது. சோப்புக்கட்டியோ காரத்தன்மை உடையது. சீயக்காய்க் கரைசல் லேசான புளிப்பு. அதனால் தோலோடு ஒத்துப் போகிறது. உப்புத் தண்ணீரில் சோப்புக்கட்டி திரிந்து வெள்ளை வெள்ளையாகத் தலையில் ஒட்டுகிறதே, அந்தத் தொல்லையும் இதில் இல்லை. போர் தண்ணீர் உள்ள வீட்டுக்காரர்கள் இதைக் குறித்துக்கொள்ளவும்.

வேடிக்கை என்னவென்றால், ஷாம்பூ என்ற சொல்லே நம் நாட்டிலிருந்து போனதுதான். ஹிந்தியில் "சாம்ப்னா" என்றால் பிடித்துவிடுவது, அமுக்கிவிடுவது. பாட்னாவிலிருந்து போன ஷேக் தீன் முகமது என்பவர் 1814ல் இங்கிலாந்தில் பிரைட்டன் என்ற ஊரில் ஆவிக் குளியலும் உடம்பு பிடித்துவிடுதலுமாக ஒரு குளியல் கூடம் நடத்தினார். ராஜாக்களுக்கே அவர் "ஷாம்பூ வைத்தியர்". பிறகுதான் அந்தச் சொல் தலை கழுவுவதற்கு வந்தது.

அது திரும்ப நம் வீட்டுக்கு வந்தது சாஷேயில். கடலூர்க்காரரான சின்னி கிருஷ்ணன் ஷாம்பூவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து ஏழை எளியவர்களுக்கும் எட்டும்படி செய்தார். அவர் மகன் சி.கே.ரங்கநாதன் 1983ல் சிக் ஷாம்பூவைத் தொடங்கினார். தகப்பனாரின் பெயரைச் சுருக்கித்தான் "சிக்" என்று வைத்தார். அந்தக் கம்பெனியே பிற்பாடு மீரா சீயக்காய்ப் பொடியையும் விற்றது. ஆக, நம் பெண்கள் சீயக்காயை விட்டுவிடவில்லை. உட்கார்ந்து இடிக்கத்தான் நேரமில்லை.

காவேரிக்கு என்ன ஆகிறது?

ஆடிப்பெருக்கன்று அம்மா மண்டபம் படித்துறையில் நின்று பார்த்தால் தெரியும், எத்தனை ஆயிரம் பேர் முங்கி எழுகிறார்கள் என்று. படியெல்லாம் கிழிந்த சாஷேக்கள் மினுங்கும். வீட்டுக் குளியலறைத் தண்ணீரும் எங்கேயோ மாயமாகப் போவதில்லை. ஊருக்கு நடுவே ஓடுகிற உய்யக்கொண்டான் வாய்க்காலில் சாக்கடை கலந்து வந்திருப்பதைத் திருச்சிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆற்றில் நுரை என்பது புதுக்கதை இல்லை. 1950களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அப்போது வந்த சலவைப் பொடிகளால் ஆறுகளில் மலை மலையாக நுரை மிதந்தது. அந்த நுரைப்பொருளின் வால், மரக்கிளைபோல் கிளை கிளையாகப் பிரிந்திருந்தது. தண்ணீரில் உள்ள நுண்ணுயிர்களால் அதைத் தின்று தீர்க்க முடியவில்லை. மேற்கு ஜெர்மனி 1961ல் சட்டமே போட்டது. வால் நேராக உள்ள பொருளாக மாற்றினார்கள், நுரை அடங்கியது. இன்று ஷாம்பூவில் போடுகிறவை பெரும்பாலும் மக்கிப்போகிற வகைதான். ஆனால் மக்குவதற்கும் நேரம் வேண்டும், காற்று வேண்டும், ஓடுகிற தண்ணீர் வேண்டும். சாக்கடை அப்படியே போய்த் தேங்கினால்? 2015ல் பெங்களூர் பெல்லந்தூர் ஏரி நுரை தெருவுக்குப் பறந்து வந்தது. 2019 டிசம்பரில் சென்னை மெரினாவில் வெள்ளை நுரை ஒதுங்க, குழந்தைகள் அதில் குதித்து விளையாடினார்கள். பார்க்க அழகு, நினைத்தால் பகீரென்கிறது.

இங்கே ஒரு உண்மையையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். "மூலிகை என்றால் ஆற்றுக்கு நல்லது" என்பது சரியில்லை. பூந்திக்கொட்டைச் சாறு மீனுக்கு ஆகாது. சபோனின் மீனின் செவுளைத்தான் தாக்கும். சபோனின் உள்ள செடிகளை நசுக்கிக் குட்டையில் போட்டு மீனை மயங்க வைத்துப் பிடிக்கிற வழக்கம் பல இடங்களில் உண்டு. ஆகவே சீயக்காயானாலும் சரி, ஷாம்பூவானாலும் சரி, ஆற்றிலே தேய்க்க வேண்டாம். முங்கி எழுந்து புண்ணியம் சேர்த்துக்கொள்ளலாம், தலை தேய்ப்பதை வீட்டோடு வைத்துக்கொள்ளலாம். வீட்டிலும் அளவைக் குறைப்பதுதான் வழி. நம் படித்துறையைத் தாண்டிப் போகிற தண்ணீர் தஞ்சாவூர்ப் பக்கத்து வயலுக்குப் போகிறது. நம் ஜில்லாவில் ஆற்று மணலில் இறைக்கிற தண்ணீர் இராமநாதபுரம் வரைக்கும் குடிக்கப் போகிறது.

வீட்டுக்கு மூன்று வழிகள்

முதல் வழி, செலவே இல்லாதது. வாங்கின ஷாம்பூவை அப்படியே உச்சந்தலையில் கொட்டாதீர்கள். அரை டம்ளர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் விட்டு நன்றாகக் கலக்கி, அந்தத் தண்ணீரைத் தலையில் ஊற்றித் தேயுங்கள். ஒரே இடத்தில் காரம் பிடிக்காது, அலசவும் தண்ணீர் குறைவாகப் போதும். நீளமான கூந்தலுக்கு ஒன்றரை டீஸ்பூன். கரைத்ததை அன்றன்றே தீர்த்துவிட வேண்டும். பாட்டிலில் தண்ணீர் விட்டு வைத்தால் கெட்டுவிடும்.

இரண்டாவது, சீயக்காய்ப் பொடி. சீயக்காய் 1 கிலோ, பச்சைப்பயறு கால் கிலோ, வெந்தயம் 100 கிராம், விதை நீக்கிய பூந்திக்கொட்டை 100 கிராம், பூலாங்கிழங்கு 50 கிராம், நிழலில் காய்ந்த செம்பருத்தி இலை இரண்டு கைப்பிடி, காய்ந்த எலுமிச்சைத் தோல் ஒரு கைப்பிடி. எல்லாவற்றையும் நல்ல வெயிலில் மொறுமொறுவென்று காயவைத்து, சீயக்காய்க்கென்று தனி மிஷின் வைத்திருக்கிற மில்லில் அரைத்துச் சலித்துக்கொள்ளுங்கள். திப்பியாக இருந்தால் தலையில் சிக்கிக்கொள்ளும், அதனால் இரண்டு தரம் சலியுங்கள். சலிக்கும்போது மூக்கைத் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் பக்கத்திலேயே வர வேண்டாம். தேய்க்கும்போது வடிகஞ்சியில் குழைத்தால் வழுவழுப்பாகப் பரவும்.

பொடி அலசப் பிடிக்காதவர்களுக்குக் கஷாயம். விதை நீக்கின சீயக்காய் 50 கிராம், பூந்திக்கொட்டை ஏழெட்டு, வெந்தயம் ஒரு ஸ்பூன். ஒரு லிட்டர் தண்ணீரில் ராத்திரி ஊறப்போட்டுக் காலையில் கால் மணி கொதிக்கவிட்டு, ஆறினதும் பிசைந்து துணியில் வடிகட்டுங்கள். எவர்சில்வர் பாத்திரமே நல்லது. ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு நாளைக்குள் தீர்த்துவிடுங்கள். கண்ணில் பட்டால் கஷாயமும் கடுமையாக எரியும். சின்னக் குழந்தைகளுக்குப் பூந்திக்கொட்டை சேர்க்காதீர்கள்.

மூன்றாவது, தலைக்கும் உடம்புக்கும் ஒன்றேயாக ஒரு சாதுவான திரவம். இது முக்கியமாகத் திருவானைக்காவல் சகோதரிக்கும் அவர் குழுவுக்கும். 100 கிராம் செய்வதற்கு:

கொதித்து ஆறின தண்ணீர் 77 கிராம்
கோகோ குளுக்கோசைட் (50 சதவீதம்) 8 கிராம்
கோகோ பீட்டைன் (30 சதவீதம்) 10 கிராம்
கிளிசரின் 3 கிராம்
சாந்தன் கம் 1 கிராம்
பீனாக்ஸி எத்தனால் போன்ற, கெடாமல் காக்கும் மருந்து 1 கிராம், அதற்கு மேல் கூடாது
சிட்ரிக் அமிலம் கொஞ்சம்

குளுக்கோசைட் என்பது எண்ணெய்க் கொழுப்பும் சர்க்கரைச் சத்தும் சேர்ந்தது. சாதுவானது, எளிதில் மக்குவது. கணக்குப் பாருங்கள்: 8 கிராமில் பாதி 4, 10 கிராமில் 30 சதவீதம் 3, ஆக மொத்தம் நுரைச் சத்து 7 சதவீதம்தான். கடை ஷாம்பூக்களில் சாதாரணமாகப் பத்து முதல் பதினைந்து வரை இருக்கும்.

சாந்தன் கம்மை முதலில் கிளிசரினில் குழைத்துக்கொண்டு, பிறகு தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். நேரே தண்ணீரில் போட்டால் ரவை உப்புமாபோல் கட்டி தட்டும். நன்றாகக் கரைந்த பின் நுரைப்பொருள் இரண்டையும் விட்டு, அடிக்காமல் மெதுவாகக் கிளறுங்கள். குளுக்கோசைட் காரத்தன்மை அதிகம் உள்ளது. ஆகவே சிட்ரிக் அமிலத்தைத் தண்ணீரில் கரைத்துச் சொட்டுச் சொட்டாக விட்டு, பி.ஹெச். காகிதத்தில் 5 முதல் 5.5க்குள் கொண்டுவர வேண்டும். இந்தப் படியை விட்டுவிட்டால் "சாது" என்று சொல்லவே முடியாது. எலுமிச்சம்பழச் சாறு வேண்டாம், திரவம் கெட்டுப்போகும். கடைசியில் காக்கும் மருந்து. வாசனை, கலர் எதுவும் வேண்டாம். பலருக்கு ஒவ்வாமை வருவதே வாசனையால்தான்.

செய்து முடித்ததும் தலைக்குத் தேய்த்துவிடாதீர்கள். முழங்கையின் உள்பக்கம் துளி தடவி இரண்டு நாள் பாருங்கள். பாட்டிலை இரண்டு வாரம் வைத்துப் பாருங்கள். நிறம் மாறினாலோ, பூசணம் தெரிந்தாலோ, நாற்றம் வந்தாலோ கொட்டிவிட வேண்டியதுதான்.

விற்பதென்றால்

நம் வீட்டுக்குச் செய்வது வேறு, விலைக்குக் கொடுப்பது வேறு. ஷாம்பூ அழகுசாதனப் பொருள் வகையில் சேர்ந்தது. 2020ஆம் ஆண்டு வந்த அழகுசாதன விதிகளின்படி, செய்து விற்க மாநில அரசின் உரிமம் வேண்டும். லேபிளில் என்னென்ன சேர்ந்திருக்கிறது, எப்போது செய்தது, எதுவரைக்கும் நல்லது என்று போட வேண்டும். குழுவில் இதைப் பேசாமல் ஒரு பாட்டில்கூட வெளியே தராதீர்கள். நாளைக்கு ஒரு குழந்தையின் கண்ணுக்கு ஏதாவது ஆனால் லாபமெல்லாம் ஒரே நாளில் போய்விடும்.

போட்ட பணம் வீணா? வேண்டாம். கைவசம் இருக்கும் எஸ்.எல்.இ.எஸ். திரவத்தை நீங்கள் ஏற்கெனவே செய்கிற தரை கழுவும், பாத்திரம் தேய்க்கும் திரவத்துக்குப் பயன்படுத்திவிடலாம். குழுவினர் சேர்ந்து உரிமத்துக்கு விண்ணப்பித்துக்கொண்டே, சாதுவான திரவத்தைச் சின்ன அளவில் செய்து அவரவர் வீட்டில் தேய்த்துப் பழகலாம். நுரையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். "இது அதிகம் நுரைக்காது, ஆனால் பிசுக்குப் போகும். காய்ந்ததும் தொட்டுப் பாருங்கள்" என்று வாங்குகிறவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் சண்டையே இல்லை.

கைக்குழந்தைகளுக்கு

கடைசியாக இளம் தாய்மார்களுக்கு இரண்டு வார்த்தை. பிறந்த குழந்தையை முதல் 24 மணி நேரத்துக்குக் குளிப்பாட்ட அவசரப்பட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதற்குப் பிறகும் சில மாதங்களுக்கு வெதுவெதுப்பான தண்ணீரே பெரும்பாலும் போதும். மடிப்புகளிலும் அரைப் பக்கத்திலும் மட்டும் துளி சாதுவான திரவம். பயத்தமாவும் கரகரவென்று இருந்தால் பிஞ்சுத் தோலைக் கீறிவிடும். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடாதீர்கள், தலைக்குச் சாம்பிராணிப் புகையும் வேண்டாம். பாட்டிமார் கோபித்துக்கொள்வார்கள். "டாக்டர் சொன்னார்" என்று என் பேரில் சொல்லாமல் டாக்டர் பேரிலேயே சொல்லித் தப்பித்துக்கொள்ளுங்கள்! தோல் சிவந்து நீர் வடிந்தாலோ, அரிப்பில் குழந்தை தூங்காமல் அழுதாலோ, கைவைத்தியத்தை நிறுத்திவிட்டுத் தோல் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

திருவானைக்காவல் சகோதரிக்கும் இதையேதான் சொல்கிறேன். குழந்தையின் நெற்றிப் புண் ஆறுகிறவரை வெறும் தண்ணீர்தான். ஒரு வாரத்தில் ஆறவில்லையென்றால் வைத்தியரிடம் போகும்போது அந்தக் கேன் லேபிளையும் கூடவே எடுத்துக்கொண்டு போங்கள். என்ன பட்டது என்று தெரிந்தால் அவருக்கு மருந்து கொடுப்பது சுலபம்.

அடுத்த இதழில், மழைக்காலத்தில் பருப்பு, பயறுகளில் வண்டு வராமல் காப்பது எப்படி என்று பார்ப்போம். உங்கள் கைவழக்கங்களையும் எழுதி அனுப்புங்கள்.